பூட்டக்காவின் சாவி

வாட்ச்மேன் உண்மையில் வாட்ச்மேன் இல்லை. இதை நாமாவது முதலிலேயே சொல்லிவிடுவோம். அவர் வாயைத் திறந்து சொல்வதற்கு நாலு வருஷமும் ஒரு பெண்ணின் வலது கையும் தேவைப்பட்டன.

அவர் சலவைக்கடையில் இஸ்திரி போட்டவர். முப்பத்தோரு வருஷம். ஒரு செக்யூரிட்டி கம்பெனியிலிருந்து வாரம் இரண்டு தடவை மூட்டை மூட்டையாக யூனிஃபார்ம் வரும். கடை ஓடியதே அந்த மூட்டைகளால்தான். கம்பெனி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடைக்கு மாறிவிட்டது. சலவைக்கடை கொஞ்ச நாள் நொண்டியடித்து, அப்புறம் படுத்தே விட்டது. கடைசி நாள் அலமாரியைக் காலி செய்தபோது யாரும் கேட்டு வராத ஒரு செட் யூனிஃபார்ம் கிடந்தது. நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தொப்பி. "நீங்களே எடுத்துக்கங்க, எனக்கு எதுக்கு அது" என்றார் முதலாளி. முப்பத்தோரு வருஷ உழைப்புக்கு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது அதைத்தான்.

வீடு என்றால் அண்ணன் வீடு. இரண்டு அறை. மனைவி செத்துப்போனதிலிருந்து அங்கேதான் ஒண்டிக்கொண்டிருந்தார். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவருடைய பாய் முன்னறையிலிருந்து சமையலறை வாசலுக்கு நகர்ந்தது, அங்கிருந்து மாடிப்படிக்குக் கீழே போனது. யாரும் போகச் சொல்லவில்லை. அண்ணி மட்டும் காலையில் பாயைத் தாண்டும்போது ஒரு பெருமூச்சு விடுவார். ரோஷக்காரருக்கு அது போதாதா? ஒருநாள் அந்த யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, "வாட்ச்மேன் வேலை கிடைச்சிருக்கு, ரூமும் குடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அண்ணனுக்குக் கண் கலங்கியது. மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

பங்காளிச் சண்டையில் கோர்ட்டுக்குப் போய் சீல் வைக்கப்பட்ட ஒரு மரச்சாமான் கடை அவருக்கு அகப்பட்டது. வாசலில் பத்தடி அகலத்துக்கு மேற்கூரை, அதன் கீழே கால் கோணிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதல் ராத்திரி தரையில் படுத்தார். ரோந்து வந்த போலீஸ்காரர் லத்தியால் உள்ளங்காலில் ஒன்று வைத்து எழுப்பினார். மறுநாள் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதே போலீஸ்காரர், அதே லத்தி. "என்ன வாட்ச்மேன், டீ குடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். படுத்தால் அடி, உட்கார்ந்தால் விசாரிப்பு என்பது அன்றைக்கே அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் நாலு வருஷமாக அவர் கால் நீட்டிப் படுத்ததே இல்லை.

யூனிஃபார்மைப் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் லாரி கிளீனராக இருந்த ஒரு கிழவர், அப்புறம் கண்பார்வை மங்கிய ஒரு அம்மாளும் அவள் தங்கையும் என்று மேற்கூரையின் கீழே ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். "வாட்ச்மேன் இருக்கிற இடம், பயமில்லை" என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. மறுத்தால் நாற்காலி போய்விடும் என்பது ஒரு காரணம். கேட்பதற்கு நன்றாக இருந்தது என்பது இன்னொன்று.

தெருவில் தூங்குவது சும்மா இல்லை, அதுவே ஒரு வேலை. தலையைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், ரிவர்ஸில் வரும் கார் ஏறினாலும் காலோடு போகட்டும். நைலான் போர்வை ஆகாது. போகிற போக்கில் எவனாவது சிகரெட்டைச் சுண்டிவிட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். செருப்பு தலைக்கடியில் இருக்க வேண்டும். பெண்கள் நடுவில் படுக்க வேண்டும். குடித்துவிட்டு வருகிறவன் திட்டினால் தூங்குவதுபோலக் கிடக்க வேண்டும், தொட்டால் கத்த வேண்டும். கத்தினால் யாராவது வருவார்களா என்று கேட்காதீர்கள். கத்துவதுதான் அவர்களிடம் இருந்தது.

ஏழு மாசத்துக்கு முன்னால் பூட்டக்கா வந்து சேர்ந்தாள். பகலில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறவள், ஐம்பது வயதிருக்கும். அவளிடம் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் கொழுந்தன் பிடுங்கிக்கொண்ட வீட்டின் பத்திர நகல், கேஸ் காகிதங்கள், ஒரு மாற்றுத்துணி. அந்தக் காகிதம் இருக்கிறவரை வீடும் இருக்கிறது என்பது அவள் கணக்கு. அதனால் நாய்ச் சங்கிலி ஒன்றை இடுப்பில் சுற்றி, பையின் கைப்பிடிக்குள் விட்டு, ஷட்டரின் அடியில் இருக்கும் இரும்பு வளையத்தோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டுதான் படுப்பாள். பெயர் அப்படி வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால், "அதைக் கூப்பிட ஆளில்லை, விடுங்க" என்பாள்.

முன்பு வேறொரு இடத்தில் சாவியை இடுப்பில் முடிந்துவைத்திருந்தபோது ஒருவன் கழுத்தில் கத்தியை வைத்து அதை வாங்கிக்கொண்டான். பை போய், அலைந்து திரிந்து மறுபடி நகல் எடுக்க ஒரு வருஷம் ஆயிற்று. அதிலிருந்து பாடம் படித்துக்கொண்டாள்.

"இந்தாங்க வாட்ச்மேண்ணே, சாவி உங்ககிட்ட இருக்கட்டும். என்கிட்ட இருந்தா எவனாவது பிடுங்குவான். உங்ககிட்ட எவன் வருவான்?"

அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். அந்தப் பொத்தானை மாட்டியபோது அவருக்குத் தான் நிஜமாகவே வாட்ச்மேன் ஆகிவிட்டதுபோல இருந்தது. இருநூறு ராத்திரிக்கு மேல் சாவி அந்தப் பைக்குள் போய்க் காலையில் வெளியே வந்தது. ஒருநாளும் தவறவில்லை. அவள் குறட்டைவிட்டுத் தூங்குவாள். தெருவில் ஒரு பெண் குறட்டைவிட்டுத் தூங்கி அவர் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த நாள் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கார் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். இருபது, இருபத்திரண்டு வயசு, நல்ல ஷூ. இரண்டு பேர் கையில் இரும்புக் கம்பி, மூன்றாமவன் கையில் செல்போன், படம் பிடிக்க. எதையும் எடுக்க வரவில்லை, யாரையும் தேடியும் வரவில்லை. முதல் கம்பி ஷட்டரில் விழுந்த சத்தத்துக்கே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். லாரிக் கிழவர்கூட, எழுபது வயசில், கார் பானெட்டைச் சுற்றிக்கொண்டு விட்டார் ஓட்டம். கண் தெரியாதவளைத் தங்கை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வாட்ச்மேனும் ஓடினார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்று சொல்வார்களே, அப்படி. தொப்பி விழுந்ததுகூடத் தெரியவில்லை. தெருமுனைக்கு முன்னால் ஒரு மின்சாரப் பெட்டி இருந்தது, ஆள் உயரம். அதற்குப் பின்னால் குந்திக்கொண்டார். கடையிலிருந்து அது நாற்பதடி இருக்கும். குந்திய பிறகுதான் சட்டைப்பையில் இருந்த சாவி நெஞ்சில் குத்தியது.

பூட்டக்கா கூப்பிட்டாள். "வாட்ச்மேண்ணே! சாவி!" அவருக்குக் கேட்டது. எழுந்து போயிருக்கலாம், சாவியைத் தூக்கியாவது போட்டிருக்கலாம். காலில் வலு இல்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அதே காலில்தான் நாற்பதடி ஓடி வந்திருந்தார்.

பால் வண்டிக்காரர் ஒருவர் வந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே நின்றதில் அந்த மூன்று பேரும் கிளம்பினார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அந்தப் பால் வண்டிக்காரர்தான். சங்கிலியைப் போலீஸ்காரர்கள் வெட்டினார்கள். பைக்கு ஒன்றும் ஆகவில்லை, காகிதம் ஒன்றுகூடக் கசங்கவில்லை. அவளுக்குத்தான் வலது கை இரண்டு இடத்தில் முறிந்து, விலா எலும்பு இரண்டு உடைந்து, தலையில் பதினோரு தையல்.

போலீஸ்காரர் வாட்ச்மேனை விசாரித்தார். "சாவி உங்ககிட்டதான் இருந்துச்சாமே, நீங்க எங்க போனீங்க?"

"பின்னாடி சந்துக்கு... ஒண்ணுக்குப் போயிருந்தேன் சார்."

"நல்ல நேரம் பார்த்துப் போனீங்க" என்று எழுதிக்கொண்டார். கார் நம்பரை யாரும் பார்க்கவில்லை. கேஸ் அதோடு சரி.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குள் ஆண்களைச் சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரைக்கும்தான் விடுவார்கள், அதுவும் சொந்தக்காரர்களை மட்டும். வாட்ச்மேன் யூனிஃபார்மில் போனார். கேட்டில் நின்ற நிஜ வாட்ச்மேன் இவரை மேலும் கீழும் பார்த்து, "எந்தக் கம்பெனி?" என்றார். சலவைக்கு மூட்டை அனுப்பிய கம்பெனியின் பெயரை இவர் சொன்னார். "அட, நானும் அங்க இருந்தவன்தான். ஒழுங்காச் சம்பளம் குடுக்க மாட்டானுங்க. போங்க, போங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். பொய்க்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்.

பூட்டக்காவின் கட்டில் கழிவறைக் கதவை ஒட்டி இருந்தது. கையில் மாவுக்கட்டு, தலையைச் சுற்றிக் கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. எப்படி முகத்தில் விழிப்பது என்று தயங்கிக்கொண்டே போனவரைப் பார்த்ததும் அவள் பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பினாள்.

"சொன்னேன்ல, எங்க வாட்ச்மேண்ணே. இவர் மட்டும் போலீஸைக் கூப்பிட ஓடலேன்னா நான் இன்னைக்கு இல்லை."

வாட்ச்மேன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சிஸ்டர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, "உக்காருங்க சார்" என்றாள். உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் தினமும் போனார். இல்லாத ஓட்டத்துக்கு அவள் நாளுக்கு ஒரு கை கால் ஒட்டவைத்தாள். முதல் நாள் தெருமுனை வரைக்கும் ஓடியிருந்தார். மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்கே ஓடிவிட்டார். ஐந்தாம் நாள் ஒருவனைக் கீழே தள்ளிவிட்டு ஓடியதாகப் பக்கத்துக் கட்டில்காரி இவரிடமே சொன்னாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனுஷர் என்று வார்டு முழுக்கப் பேர் கிடைத்தது.

ஒரு வாரம் ஆனபோது, வியாழக்கிழமை, வராந்தாவில் ஓர் அம்மாள் அவரை நிறுத்தினார். வீடில்லாத பெண்களுக்கான காப்பகத்தை நடத்துகிறவர். கையில் ஒரு ஃபைல், முகத்தில் தூக்கமில்லாத சிடுசிடுப்பு.

"நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்க சார். எங்ககிட்ட ஒரு கட்டில் காலியா இருக்கு. இந்த அம்மா வரமாட்டேங்கறாங்க. கையெழுத்து இல்லாம நான் கூட்டிட்டுப் போக முடியாது. சனிக்கிழமைக்குள்ள அந்தக் கட்டில் வேற ஆளுக்குப் போயிடும்."

"ஏன் வரமாட்டேங்குது?"

"கத்தி காட்டிப் பிடுங்கினதுக்கும் முன்னாடி, ஏதோ ஒரு இல்லத்துல இவங்க பையை வாங்கி வெச்சுத் தொலைச்சுட்டாங்களாம். அதுமட்டும் இல்லை, 'எனக்கு வாட்ச்மேன் இருக்காரு, உங்க கட்டில் எதுக்கு'ங்கறாங்க. மறுபடி அந்த வாசல்லயே படுத்தா இந்தக் கையோட எத்தனை நாள் தாங்குவாங்க? நீங்க சொன்னாக் கேப்பாங்க. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்."

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். காப்பகத்துக்குப் போ என்று சொன்னால் போதும், வேறெதையும் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"அந்தம்மா நல்ல மாதிரியாத்தான் தெரியறாங்க. போயிடேன்மா. வேளாவேளைக்குச் சாப்பாடு, மேல ஒரு கூரை."

"வந்தவுடனே பையை வாங்கி உள்ள வெச்சுடுவாங்கண்ணே. பட்டது போதும்." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வேற ஒண்ணு வேணும். பழைய சங்கிலியைத்தான் வெட்டிட்டானுங்களே. புதுசு ஒண்ணு பார்த்து வெய்யுங்க. இந்தத் தடவை கொஞ்சம் கனமா. அப்புறம், வளையத்துல வேணாம், உங்க நாற்காலிக்குப் பக்கத்துலயே படுத்துக்கறேன். நாற்காலிக் காலோட பூட்டிடலாம். நீங்க எழுந்தாலே எனக்குத் தெரிஞ்சுடும்ல?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வீக்கம் வடிந்து இரண்டு கண்ணும் திறந்திருந்தன. இரண்டிலும் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. இவள் நாளைக்கே வந்து, ஒற்றைக் கையால் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு, சாவியை நீட்டுவாள். இவரும் வாங்கிப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டுவார். இன்னொரு கார் வரும். இவர் மறுபடி ஓடுவார். அதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தார்.

"நான் வாட்ச்மேன் இல்லம்மா."

"ஐயையோ, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா? சாவி விஷயத்தாலயா? என்னாலயாண்ணே?"

"தூக்கறதுக்கு வேலை இருந்தாத்தானே? எப்பவுமே இல்லை. நான் இஸ்திரி போட்டவன். இந்தச் சட்டை கடையில யாரும் வாங்கிக்காம விட்டது. நாற்காலி அங்கேயே கிடந்துச்சு. போக்கிடம் இல்லாம வந்து உக்காந்தேன். உன்னை மாதிரிதான்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். பக்கத்துக் கட்டில்காரி இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு, பார்வையை மட்டும் ஜன்னலுக்குக் கொடுத்திருந்தாள்.

"அப்போ ராத்திரி பூரா நீங்களும் பயந்துக்கிட்டுத்தான் உக்காந்திருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"நான் நிம்மதியாத் தூங்கிட்டு இருந்தேன்."

அவள் மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த துணியை இடது கையால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே தள்ளத் தள்ள அது வெளியே வந்தது.

"அன்னைக்கு? போலீஸைக் கூப்பிடத்தானே ஓடினீங்க?"

"இல்லை. சும்மா ஓடினேன். உயிருக்குப் பயந்து."

"எங்க?"

"கரண்டுப் பெட்டிக்குப் பின்னால."

அந்தப் பெட்டியை அவளுக்குத் தெரியும். துணி உலர்த்துவதற்கு அவள் கயிறு கட்டும் இடமே அதுதான். மனசுக்குள் தூரத்தை அளந்து பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. இது தெரு ஜனங்களுக்குக் கைவந்த கணக்கு. எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு எத்தனை எட்டு, எங்கே நின்றால் எது கேட்கும் என்பதெல்லாம் அத்துப்படி.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஹாரன் சத்தம், ஷட்டர் சத்தம், எதையாவது சேர்த்துச் சொல்லியிருந்தால் அவளே மிச்சத்தை ஒட்டவைத்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரமாக அவள் அதைத்தானே செய்தாள்? அந்த வாய்ப்பு அவர் கண்ணுக்கு முன்னால் நன்றாகத் தெரிந்தது. ஆனால் அதை எடுத்துக்கொண்டால் நாளைக்குச் சங்கிலியோடு வந்து நிற்பாள்.

"கேட்டுச்சு."

"எத்தனை தடவை?"

"நாலு."

வார்டில் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள், அது உருண்டுகொண்டே போனது.

"அஞ்சு" என்றாள்.

நாலாவதுக்கு அப்புறம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. அதை அந்த இடத்தில் அழுவதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

காப்பகத்து அம்மாள் வாசலில் எட்டிப்பார்த்தார். பூட்டக்கா கையை நீட்டி, "அந்தப் பேப்பரைக் கொண்டாங்கம்மா" என்றாள். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி, காட்டிய இடத்தில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு வாரமா நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன், அசையலை. நீங்க பத்து நிமிஷத்துல முடிச்சுட்டீங்களே! ரொம்ப நன்றி சார்."

"பரவாயில்லைங்க" என்று அவர் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. எழுந்தார். "வர்றேன்மா" என்றார் கட்டிலைப் பார்த்து.

அவள் கட்டில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். விலா எலும்பு முறிந்த பக்கம் அதுதான். சிஸ்டர் ஓடிவந்து, அப்படிப் படுக்கக் கூடாது, இந்தப் பக்கம் திரும்புங்க என்று அதட்டினாள். அவர் வார்டைத் தாண்டிப் போகும் வரைக்கும் அவள் திரும்பவில்லை.